விரால் குஞ்சுக் கூட்டத்தின் மேல் தூண்டில் போடலாமா? (கந்தளாய்க் குளம், ஆடி மாதம், வெறுங்கையோடு திரும்பும் விருந்தினர்கள்)

கட்டுக்கரை எழுதியது, ஞாயிறு இரவு 9.12

எல்லோருக்கும் வணக்கம். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளில் தங்குகிறவர்களைத் தூண்டில் மீன்பிடிக்குக் கூட்டிச் செல்வது மூன்று வருடமாக என் தொழில். அதற்கு முன்பு கனடாவில் இரண்டு கோடைகாலம், ஒன்ராறியோவின் ரைஸ் ஏரியில் பாஸ் என்ற நன்னீர் மீனுக்கு ஆள் கூட்டிப்போகும் ஒரு வழிகாட்டியிடம் எடுபிடியாக நின்றேன். வள்ளம் கழுவுவது, இரை கட்டுவது, வந்தவர்களின் முதுகில் தூண்டில் ஏறினால் கழற்றுவது. தொழிலைப் பழகியது அங்கேதான். சில கெட்ட பழக்கங்களையும் அங்கேதான் பழகினேன்.

நேற்று நடந்ததைச் சொல்லிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன். லண்டனில் இருந்து ஒரு தகப்பனும் பதினான்கு வயது மகனும் வந்திருந்தார்கள். தாத்தாவின் ஊர் திருகோணமலை. பையனுக்குத் தமிழ் விளங்கும், பேசக் கூச்சம். நாலு மணிக்கு நிலாவெளியில் ஏற்றி, ஐந்தேகாலுக்குக் கந்தளாயில் இறக்கினேன். வழக்கம்போல மீனவர் சங்கத்து வள்ளம், வழக்கம்போல வள்ளம் வலிக்கும் அதே சிங்கள மாமா.

ஆறு மணியில் இருந்து எட்டரை வரை ஒரு தட்டல்கூட இல்லை. ஆடி மாதக் குளத்தைத் தெரிந்தவர்களுக்கு இது புதினமல்ல. சிறுபோக நெல்லுக்குத் துருசு, அதாவது மதகு, திறந்திருக்கிறது, தண்ணீர் நாளுக்கு நாள் இறங்குகிறது. போன கிழமை வள்ளம் ஓடிய இடத்தில் இந்தக் கிழமை எருமை படுத்திருக்கிறது. மீன் எங்கே ஒதுங்கியது என்று ஒவ்வொரு முறையும் முதலில் இருந்து தேட வேண்டும். தகப்பன் கைக்கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். அந்தப் பார்வை எந்த நாட்டுக்காரரிடமும் ஒன்றுதான்.

அப்போது மாமா சவளை, அதாவது துடுப்பைத், தூக்கிக்கொண்டு கண்ணால் காட்டினார். ஒரு பட்டமரத்தின் அடியில், தண்ணீர்மேல், ஒரு பாய் அகலத்துக்குச் செம்மஞ்சளாக ஏதோ நடுங்கிக்கொண்டிருந்தது. தூறல் விழுவதுபோல் பொட்டுப் பொட்டாகக் குமிழ். விரால் குஞ்சுக் கூட்டம். அதற்குக் கீழே தாயோ தகப்பனோ நிற்கும். கூட்டத்தின் நடுவே எது விழுந்தாலும் கடிக்கும். பசியால் அல்ல, கோபத்தால். ரப்பர் தவளையை அதன் நடுவில் போடச் சொன்னேன். இரண்டாவது எறிதலில் தண்ணீர் வெடித்தது. இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். தகப்பனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. படம் எடுத்தார்கள், மாமா மீனைச் சாக்கில் போட்டார், வேறு இடம் போனோம்.

அரை மணி நேரம் கழித்து அதே வழியால் திரும்பினோம். பாய் கிழிந்து மூன்று துண்டாக இருந்தது. இரண்டு நீர்க்காகங்கள் மாறி மாறி மூழ்கிக்கொண்டிருந்தன. பையன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அதுவரை பேசாத தமிழில் கேட்டான்: "நாங்கள் பிடித்தது இவற்றின் அம்மாவா?"

ஒன்ராறியோவின் தென்பகுதியில் பாஸ் பருவம் ஜூன் பிற்பகுதியில்தான் திறக்கும். ஆண் பாஸ் சரளைக்கல்லில் வாலால் குழி தோண்டி, முட்டைக்கும் குஞ்சுக்கும் காவல் நிற்கும். அதை இழுத்துவிட்டால் சுற்றி நிற்கும் சின்ன மீன்கள் சில நிமிடங்களில் கூட்டைக் காலி செய்துவிடும். அதற்காகத்தான் அந்தத் தடை. அங்கே செய்யக் கூடாது என்று படித்ததை இங்கே நானே செய்யச் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி இதுதான். நீங்கள் என்றால் போட்டிருப்பீர்களா? போடுவதில்லை என்று வைத்தால், இந்த வெக்கையில் காசு கொடுத்து வந்தவருக்கு எதைக் காட்டுவீர்கள்?

கிண்ணியாக் காக்கா எழுதியது, ஞாயிறு இரவு 10.05

தம்பி, கனடாவில் படித்துவிட்டு வந்து கந்தளாய் விராலிடம் பாடம் கேட்டிருக்கிறீர்கள். நல்லது. எங்கள் வாப்பா குஞ்சு மேய்க்கிற விராலுக்குத் தூண்டில் போடமாட்டார். காரணம் கேட்டால் "அதுவும் பிள்ளைகுட்டிக்காரன்" என்பார். அதற்காக அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிடாதீர்கள். குஞ்சு கலைந்து ஒரு மாதம் கழித்து அதே இடத்துக்குப் போய் அதே மீனைப் பிடித்துக்கொண்டு வருவார். இடத்தை மறக்கமாட்டார்.

ஆனால் ஒரு சந்தேகம். ஆடி மாதத்தில் குளத்தையே ஏன் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள்? மகாவலி கங்கை முகத்துக்கு வாருங்கள். கொடுவா இருக்கிறது.

உப்புவெளி விடுதி எழுதியது, ஞாயிறு இரவு 11.30

நான் மீன்பிடிக்காரன் அல்ல, ஐந்து அறை வைத்து விடுதி நடத்துகிறவன். உங்களைப் போன்ற வழிகாட்டிகளிடம் ஆள் அனுப்பிவிட்டு, மத்தியானம் அவர்களுடைய முகத்தைப் பார்க்கிறவன். மீன் கிடைக்கவில்லை என்று யாரும் என்னிடம் சண்டை பிடித்ததில்லை. "ஐந்து கிலோ மீன் நிச்சயம் என்று சொன்னார்" என்றுதான் சண்டை. போன வருடம் ஒரு வழிகாட்டி, அவருடைய பெயர் வேண்டாம், யாரோ மாலைதீவில் பிடித்த பாரை மீனின் படத்தைக் கைப்பேசியில் காட்டி ஆள் சேர்த்தார். வந்த ஜெர்மன்காரர் குளத்தில் பாரை எங்கே என்று கேட்டிருக்கிறார்.

இன்னொன்று. பத்து மணிக்கு மேல் மறைப்பில்லாத வள்ளத்தில் வெள்ளைக்காரரை வைத்திருக்காதீர்கள். போன ஆடியில் ஒருவர் வாந்தியும் தலைச்சுற்றுமாகத் திரும்பி வந்தார். தொப்பி இல்லை, முழுக்கைச் சட்டை இல்லை, மூன்று பேருக்கு ஒரு லீற்றர் தண்ணீர். அதை யார் பார்ப்பது? பெண்கள் வந்தால் கழிவறைக்கு எங்கே நிறுத்துவது என்பதையும் முதல் நாளே யோசித்து வையுங்கள். இதையெல்லாம் எழுத வெட்கப்படத் தேவையில்லை, அவர்கள் விமர்சனத்தில் எழுதிவிடுகிறார்கள்.

அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டீர்களா? சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை வழிகாட்டிகளுக்குப் பயிற்சி வைத்து அனுமதிப்பத்திரம் வழங்குகிறது. பிரதேச வழிகாட்டி என்ற பிரிவு உங்களுக்குப் பொருந்தும்.

கட்டுக்கரை எழுதியது, திங்கள் காலை 6.20

காக்கா, நன்றி. விடுதி ஐயா, அனுமதிப்பத்திரம் இருக்கிறது. தண்ணீர் ஆளுக்கு இரண்டு லீற்றர், கூடவே தோடம்பழமும் உப்பும். வெக்கை பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஒன்பது, ஒன்பதரைக்குக் கச்சான் காற்று எழும்பிவிடும். பிறகு வள்ளத்தை ஓரிடத்தில் நிறுத்தவே முடியாது, வலிக்கிற ஆளின் தோள் கழன்றுவிடும். ஆகவே எனக்குக் கிடைப்பது வெள்ளாப்பில் இருந்து மூன்று மணி நேரம்தான்.

அந்த மூன்று மணி நேரத்தில்தான் ரைஸ் ஏரிப் பாடம் கைவிட்டது. அங்கே கோடையில் பாஸ் நிழலுக்கும் களைக்கும் கீழே போய்ப் படுக்கும். ரைஸ் ஏரி ஆழமில்லாதது, களை நிறைந்தது; களைப்பாயின் ஓட்டையில் இரையை இறக்கினால் போதும். சிம்கோ போன்ற ஆழமான ஏரி என்றால் மீன் குளிர்ந்த தண்ணீரைத் தேடிக் கீழே இறங்கும், கருவி வைத்து ஆழம் பார்ப்பார்கள். முதல் வருடம் அதே கணக்கோடு கந்தளாயில் ஆழத்தில் தேடினேன். ஒரு மாதம் வீண். விரால் மேலே நின்றுகொண்டிருந்தது.

இன்னொரு பாடம் கையிலேயே எழுதியிருக்கிறது. பாஸ் மீனைப் பிடித்தால் பெருவிரலை வாய்க்குள் விட்டுக் கீழுதட்டைப் பிடித்துத் தூக்குவார்கள். அதன் பல் உப்புத்தாள்போல் சொரசொரக்கும், கடிக்காது. பழக்க தோஷத்தில் விராலுக்கும் அப்படியே செய்தேன். நகத்தின் அடியில் இப்போதும் தழும்பு இருக்கிறது. மாமா அன்றைக்குச் சிரித்த சிரிப்பு மறக்காது.

நீரியல் மாணவி எழுதியது, திங்கள் மாலை 4.48

அண்ணா, ஆழத்தில் தேடியது ஏன் பிழையாகப் போனது என்பதற்கு விடை தண்ணீரிலேயே இருக்கிறது. 20 பாகை செல்சியஸில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனை வைத்திருக்கும். 30 பாகையில் ஏழரைதான். களை மண்டிய குடாக்களில் இரவு முழுவதும் செடிகளும் மூச்சு விடுவதால், விடிவதற்குச் சற்று முன்புதான் ஒட்சிசன் அடிமட்டத்துக்குப் போகிறது. பாஸ் செவுளை மட்டும் நம்பி வாழும் மீன், அந்த நேரம் அந்த இடத்தில் அதற்கு மூச்சு முட்டும். விராலுக்குத் தலைக்குள் காற்றுச் சுவாசத்துக்கென்றே ஓர் அறை இருக்கிறது. அது மேலே வந்து காற்றை விழுங்கியே ஆக வேண்டும். வரவிடாமல் வலையில் சிக்கினால் தண்ணீருக்குள்ளேயே இறந்துபோகும். வெக்கையில் உங்கள் மீன் ஒளிந்துகொள்வதில்லை, தானாகவே வந்து காட்டிக்கொடுக்கிறது.

குஞ்சு விடயத்துக்கு வருகிறேன். விராலில் தாய், தகப்பன் இரண்டுமே காவல் நிற்கும். சாக்கில் போனது ஒன்று என்றால் மற்றது வந்திருக்கலாம், வராமலும் இருக்கலாம். குஞ்சுகள் செம்மஞ்சளாக இருக்கும்வரை தாமாகத் தப்பிக்கத் தெரியாதவை. நிறம் மாறிக் கருமையாகும்போதுதான் கலைந்து போகின்றன. மழைக்காலத்தில்தான் அதிகம் காண்போம், ஆனால் மற்ற மாதங்களிலும் இல்லாமல் இல்லை. நான் போடமாட்டேன்.

பையனுக்குக் காட்ட இன்னொன்றும் இருக்கிறது. தண்ணீர் இறங்கிய சேற்றில் சோற்றுக்கோப்பை அளவில் வரிசையாக வட்டக் குழிகள் தெரியுமே, அவை திலாப்பியா ஆண் மீன்கள் தோண்டியவை. முட்டை அங்கே தங்குவதில்லை. பெண் மீன் உடனே வாயில் எடுத்துக்கொண்டு போய்விடும், குஞ்சு பொரிப்பதும் வாய்க்குள்ளேயே. நான்கு மீன், நான்கு வகைப் பிள்ளை வளர்ப்பு என்று எங்கள் விரிவுரையாளர் சொல்வார். நான்காவது கொடுவா: முட்டையை உப்புத் தண்ணீரில் கொட்டிவிட்டுத் திரும்பிப் பார்க்காது.

ஸ்காபரோக் குருவி எழுதியது, திங்கள் இரவு 8.15

எல்லோரும் பாஸ், பாஸ் என்கிறீர்கள். நான் வருடா வருடம் இங்கே பாஸ் பிடிக்கிறவன். ஒரு யோசனை சொல்கிறேன், அடிக்க வராதீர்கள். கந்தளாயில் ஏன் பாஸ் குஞ்சுகளை விடக் கூடாது? அமெரிக்காவில் அந்த ஒரு மீனை வைத்து எத்தனை ஊர்கள் பிழைக்கின்றன! திலாப்பியாவும் வெளியில் இருந்து வந்ததுதானே? இன்று குளத்து மீன் என்றாலே அதுதான். விராலைத் தேடி யார் விமானம் ஏறி வருவார்கள்?

பன்குளத்தான் எழுதியது, திங்கள் இரவு 8.31

அடிக்க வரவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்திருந்தால் தேத்தண்ணீரை மேலே ஊற்றியிருப்பேன்.

நீரியல் மாணவி எழுதியது, திங்கள் இரவு 9.50

குருவி அண்ணா, ஜப்பான் இதைச் செய்து பார்த்துவிட்டது. 1925 இல் அக்காபோஷி தெத்சுமா என்ற தொழிலதிபர் அமெரிக்காவில் இருந்து பாஸ் கொண்டுவந்து ஆஷி ஏரியில் விட்டார். அங்கிருந்து நாடு முழுவதும் பரவியது. 2009 இல் பிவா ஏரியில் ஒரு ஜப்பானியர், அமெரிக்காவின் ஜோர்ஜியாவில் 1932 இல் பிடிக்கப்பட்ட பழைய உலகச் சாதனையைச் சமன் செய்தார். பத்துக் கிலோவுக்குச் சற்று மேல். தூண்டில்காரர்களுக்குக் கொண்டாட்டம். அதே ஏரியின் கரையில், பிடித்த பாஸைத் திரும்ப விடாமல் போடுவதற்கென்று பெட்டிகள் வைத்திருக்கிறார்கள். அந்த மாகாணத்தில் திரும்ப விடுவது 2003 முதல் தடை. 2005 இல் வந்த தேசியச் சட்டத்தின்படி பாஸை வளர்க்கவும் உயிரோடு கொண்டுபோகவும் புதிய நீரில் விடவும் தடை. உள்ளூர் மீன்களை அது அந்த அளவுக்குத் தின்றிருக்கிறது.

திலாப்பியா கேள்வி நியாயமானது. 1952 இல் கொண்டுவந்தார்கள், குளத்தை நம்பிய மீனவர்களின் அடுப்பு அதனால்தான் எரிகிறது. ஆனால் அது பாசியையும் மக்கிய செடியையும் தின்கிற மீன். நம் குளங்கள் மனிதர் கட்டியவை. பரந்த நிலைநீரில் அந்த உணவை அவ்வளவாகத் தின்ன உள்ளூரில் மீன் இல்லாமல் இருந்தது. பாஸ் அப்படியல்ல, வாயில் கொள்வதை எல்லாம் விழுங்கும். விக்டோரியா ஏரியில் 1950களில் விட்ட நைல் பேர்ச் நூற்றுக்கணக்கான சிறு மீன் இனங்களை என்ன செய்தது என்று தேடிப் பாருங்கள். அந்த நைல் பேர்ச் நம் கொடுவாவின் சொந்தக்காரன், ஒரே பேரினம்.

ஸ்காபரோக் குருவி எழுதியது, திங்கள் இரவு 10.22

சரி தங்கச்சி, வாபஸ் வாங்கிவிட்டேன். தேத்தண்ணீரைக் குடியுங்கள் பன்குளத்தாரே.

ஆனால் விருந்தினர் "பாஸ் உண்டா" என்று கேட்பது உண்மை. போன முறை ஊருக்கு வந்தபோது என்னுடன் வந்த நண்பனும் அதைத்தான் கேட்டான்.

கிண்ணியாக் காக்கா எழுதியது, செவ்வாய் காலை 5.40

அதற்குத்தான் கொடுவா என்று முதலிலேயே சொன்னேன். ஆங்கிலத்தில் அதற்கு ஆசியக் கடல் பாஸ் என்றும் பெயர் இருக்கிறதாம், மகன் தேடிக் காட்டினான். பாஸ் கேட்டவனுக்கு பாஸ் காட்டியாயிற்று, பொய்யும் இல்லை.

கொட்டியாரக் குடாவில் கங்கை வந்து விழுகிற இடங்களிலும், தம்பலகாமக் குடாவைக் கடல் சந்திக்கிற கழிமுகத்திலும் நிற்கும். எங்கள் கிண்ணியாப் பாலம் 2009 இல் திறந்தது, 396 மீற்றர். அதற்கு முன்பு பாதை என்ற மிதவைப் படகில் ஏறிக் கடந்த காலத்தில் இருந்து நான் அந்தத் தண்ணீரைப் பார்க்கிறேன். நம் பக்கத்தில் வற்றும் பெருக்கும் ஒரு மீற்றரைக்கூட எட்டாது. ஆனாலும் வற்றுத் தண்ணீர் வெளியே ஓடத் தொடங்கும் முதல் ஒரு மணி நேரத்தை விடாதீர்கள். உள்ளேயிருந்து இறாலும் சின்ன மீனும் ஓட்டத்தோடு வரும், கொடுவா ஓட்டத்தை எதிர்த்து மூக்கை நீட்டிக்கொண்டு ஒரு கல்லுக்கோ தூணுக்கோ பின்னால் நிற்கும். இரை அதன் மூக்குக்கு முன்னால் ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து போக வேண்டும். வேகமாக இழுத்தால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கும், அவ்வளவு சோம்பேறி.

கடித்ததும் தலையை ஆட்டிக்கொண்டு தண்ணீருக்கு மேலே பாயும். அந்த நேரம் தங்கூசி நூலைத் தளரவிட்டால் செவுள்மூடியின் விளிம்பு அறுத்துவிடும், அது சவர அலகு மாதிரி. வாயில் இருந்து இரண்டு முழத்துக்குத் தடித்த தங்கூசி கட்டுங்கள். பிடித்த மீனின் செவுளுக்குள் கையை விடாதீர்கள். தம்பிக்கு ஏற்கெனவே ஒரு பெருவிரல் போய்விட்டது.

வலைவீட்டுப் பிள்ளை எழுதியது, செவ்வாய் பகல் 1.15

எல்லோரும் அழகாகப் பேசுகிறீர்கள். எங்கள் அப்பா குளத்தில் வலை போட்டுத்தான் எங்கள் மூன்று பேரையும் படிக்க வைத்தார். பிடித்துப் படம் எடுத்துவிட்டுத் திரும்ப விடுவது எங்களுக்கு விளங்காத விளையாட்டு. வாயைக் கிழித்துவிட்டு "போய் வா" என்பது என்ன தர்மம்? பிடித்தால் தின்ன வேண்டும், இல்லாவிட்டால் பிடிக்கக் கூடாது.

அதைவிடப் பெரிய குறை வேறு. இரண்டு வருடத்துக்கு முன்பு ஒரு சுற்றுலாக்காரரின் இரை அப்பாவின் வலையில் மாட்டியது. வள்ளத்தில் இருந்த வழிகாட்டி, உங்களில் யாரும் அல்ல என்று நம்புகிறேன், கத்தியை எடுத்து வலையை ஒரு பாகம் நீளத்துக்கு வெட்டி இரையைக் காப்பாற்றிக்கொண்டு போனார். அந்த இரையின் விலையில் இரண்டு வலை வாங்கலாம் என்று அப்பாவுக்கு ஆறுதல் சொன்னார்களாம். அப்பா அன்று இரவு திண்ணையில் விளக்கை வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பொத்தினார். விடிய மூன்று மணிக்கு மறுபடி குளத்துக்குப் போக வேண்டும். நான் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கட்டுக்கரை எழுதியது, செவ்வாய் இரவு 9.33

தம்பி, அது நான் அல்ல. ஆனால் நானாக இருந்திருக்கவும் முடியும். முதல் வருடம் எனக்கும் வலைக்கும் குளத்துக்கும் உள்ள உறவு விளங்கவில்லை. கனடாவில் ஏரியில் வலையைக் காணவில்லை, ஆகவே பார்க்கும் பழக்கமே கண்ணுக்கு இல்லை. இப்போது வள்ளத்தில் ஏறியவுடன் மிதவைகள் எந்தப் பக்கம் என்று மாமாவிடம் கேட்டு, அந்தப் பக்கம் போவதே இல்லை. மாட்டினால் இரையைத்தான் வெட்டுவோம், வலையை அல்ல. சங்கத்துக்கு நாளுக்கு ஒரு தொகை கொடுக்கிறேன். அதை விருந்தினரிடம் மறைக்காமல் பட்டியலில் தனி வரியாகவே எழுதுகிறேன்.

திரும்ப விடுவது பற்றி உங்களோடு வாதாட எனக்கு வாய் இல்லை. பாஸ் வழிகாட்டியும் வெக்கை நாட்களில் இதையே சொல்வார்: சூடான தண்ணீரில் நெடுநேரம் போராடிய மீன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகலாம். அதனால் தடித்த நூல் போட்டுச் சீக்கிரம் இழுப்பார், வள்ளத் தொட்டியில் காற்றுப் பம்பு ஓடிக்கொண்டே இருக்கும், படத்துக்கு அவர் தரும் நேரம் ஒரு மூச்சு. மீனைத் தூக்கும்போது தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். அவருக்கு முட்டினால் மீன் தண்ணீருக்குள் போய்விட வேண்டும். நானும் தூண்டிலின் எதிர்முள்ளைக் குறட்டால் நசுக்கிவிட்டுத்தான் கொடுக்கிறேன். இதற்கு மேல் சொல்ல என்னிடம் பதில் இல்லை.

பன்குளத்தான் எழுதியது, செவ்வாய் இரவு 11.02

மீனைப் பற்றி மட்டும் பேசுகிறீர்கள். ஆவணி, புரட்டாசியில் தண்ணீர் இன்னும் இறங்கிப் புல் முளைத்ததும் பின்னேரம் யானை இறங்கும். மாலைப் பயணம் என்றால் இருட்டத் தொடங்கும் செக்கலுக்கு முன்பே கரையேறிவிடுங்கள். வந்த வழியில் யானை நின்றால் வள்ளத்திலேயே இருங்கள், கரையில் இறங்கி வீரம் காட்டிய ஒருவரை எனக்குத் தெரியும். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று எறியவும் விடாதீர்கள், முதலை இருக்கிற குளம். உயிர்காப்பு அங்கி "வெக்கையாக இருக்கிறது" என்று கழற்றுகிறவரை வள்ளத்தில் ஏற்றவே வேண்டாம்.

வான் வண்டியைக் குளக்கட்டின் மேல் ஏற்றுகிறீர்களா? ஏற்றாதீர்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலை அந்தக் கட்டு உடைந்து எத்தனை பேர் போனார்கள் என்பதைக் கந்தளாயில் யாரிடமும் கேட்கலாம். கனரக வாகனங்கள் ஓடியதும் ஒரு காரணம் என்று பேசிக்கொண்டார்கள். உங்கள் வான் சின்னதுதான், ஆனாலும் அங்கே உள்ளவர்களின் கண்ணுக்கு அது உறுத்தும். கீழே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள்.

கட்டுக்கரை எழுதியது, ஞாயிறு இரவு 8.40

ஒரு கிழமை கழித்து எழுதுகிறேன். நேற்று இரண்டு பேர், மெல்பேர்னில் இருந்து கணவன் மனைவி. இந்த முறை ஒரு மாற்றம். நாலு மணிக்கு வானிலேயே சொல்லிவிட்டேன்: குஞ்சுக் கூட்டம் கண்டால் நிறுத்திக் காட்டுவேன், போடவிடமாட்டேன், மீன் கிடைக்காமலும் போகலாம், அரைக்கட்டணம் திருப்பித் தரும் வழக்கம் எனக்கு இல்லை. வானுக்குள் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். போச்சு என்று நினைத்தேன்.

வானைக் கீழே நிறுத்தினோம். வெளிச்சம் வருவதற்கு முன்பே குளக்கட்டின் மேல் உட்கார வைத்து, பேசாமல் கேட்கச் சொன்னேன். மாணவித் தங்கச்சி சொன்னது சரியாக இருந்தது. திலாப்பியா மேலே வந்தால் ஓசையில்லாமல் ஒரு வளையம். விரால் வந்தால் "பொளக்" என்று ஒரே சத்தம், பிறகு அதே இடத்தில் குமிழ் வரிசை. கால் மணி நேரத்தில் அந்த அம்மா விரலை மடக்கி ஏழு எண்ணிவிட்டார். மூன்று சத்தம் ஒரே திசையில், பழைய ஆற்றுப்பள்ளத்தின் ஓரம் ஆற்றுவாழைச் செடிகள் ஒதுங்கிய மூலையில். அங்கேதான் முதலில் போனோம். தவளையை இலைமேல் போட்டு, இழுத்துத் தண்ணீருக்குள் விழவைத்து, அசையாமல் விடச் சொன்னேன். வெடித்தவுடன் இழுக்காமல் ஒரு மூச்சு விட்டு இழுக்க வேண்டும் என்றும் சொன்னேன். கணவர் இரண்டு முறை அவசரப்பட்டு இழந்தார். மனைவி பொறுத்தார், ஒன்று வந்தது. ஒன்றரைக் கிலோ இருக்கும். ஈரக்கையோடு பிடித்து, முள்ளைக் கழற்றி, "விடலாமா" என்று அவர் கேட்டார்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. சாக்கின் வாயை மட்டும் மெதுவாக மடித்து வைத்தார். எனக்கு வலைவீட்டுத் தம்பியின் ஞாபகம் வந்தது. மாமாவின் வீட்டில் ஐந்து பேர் இருக்கிறார்கள் என்று மட்டும் சொன்னேன். மீன் சாக்கிற்குப் போனது. எட்டு மணிக்குக் கிடைத்த இரண்டாவதை அவர்கள் திரும்ப விட்டார்கள், அதற்கு மாமா மறுப்புச் சொல்லவில்லை.

குஞ்சுக் கூட்டமும் ஒன்று கண்டோம். போன கிழமை கண்டதல்ல, வேறு. வால்பக்கம் கருக்கத் தொடங்கியிருந்தது. வள்ளத்தைப் பத்து முழம் தள்ளி நிறுத்தினோம். அவ்வப்போது கூட்டம் முழுவதும் ஒரே அடியாகக் கீழே போகும், ஒரு கணம் வெறும் தண்ணீர், பிறகு மறுபடி பொட்டுப் பொட்டாக மேலே வரும். நீர்க்காகம் ஒன்று கிட்ட வந்து இறங்கியது. கீழேயிருந்து ஒரு இருண்ட முதுகு தண்ணீரைப் பிளந்துகொண்டு அதன்மேல் பாய, காகம் சிறகடித்துக் கரைக்கே போய்விட்டது. கணவர் கையில் தூண்டிலோடு இருந்தார். எறியவில்லை, ஆனால் நான்கு முறை தூண்டிலைப் பார்த்தார். எண்ணினேன்.

சன்மானம் வழமையைவிடக் குறைவுதான், பொய் சொல்லவில்லை. ஆனால் கொடுவாவுக்கு மீண்டும் வருகிறார்களாம், அடுத்த சனி. காக்கா, கங்கை முகம் எனக்குப் பழக்கமில்லை. நீங்கள் வருவீர்களா?

நீரியல் மாணவி எழுதியது, ஞாயிறு இரவு 9.05

கொடுவாவுக்குப் போகிறீர்கள் என்றால் ஒரு விடயம். கொடுவா ஆணாக வளர்ந்து, பிறகு சில வருடங்களில் பெண்ணாக மாறும் மீன். ஒரு மீற்றரை நெருங்கும் கொடுவா அநேகமாக எல்லாமே பெண்தான், பல இலட்சம் முட்டை போடும். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. உங்கள் விருந்தினர் மெல்பேர்ன்காரர்கள், இந்த மீனை அவர்கள் பரமுண்டி என்று அறிந்திருப்பார்கள். ஒரு அளவுநாடா எடுத்துப் போங்கள்.

வலைவீட்டுப் பிள்ளை எழுதியது, ஞாயிறு இரவு 9.47

முதல் மீன் சாக்கிற்குப் போனதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். "இரண்டாவதையும் கொடுத்திருக்கலாம்" என்கிறார்.

கிண்ணியாக் காக்கா எழுதியது, ஞாயிறு இரவு 10.10

சனிக்கிழமை விடிய நாலரைக்குப் பாலத்தின் கிண்ணியாப் பக்கம் நில்லுங்கள், இன்ஷா அல்லாஹ் வருகிறேன். தேத்தண்ணீர் என் பொறுப்பு. அந்த ரப்பர் தவளையை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், உயிர் இறால் நான் கொண்டு வருகிறேன். அளவுநாடா தேவையில்லை, என் சவளில் முழம் வெட்டியிருக்கிறது.

நீரியல் மாணவி எழுதியது, ஞாயிறு இரவு 10.14

காக்கா, உங்கள் முழமா, வாப்பாவின் முழமா?

கிண்ணியாக் காக்கா எழுதியது, ஞாயிறு இரவு 10.21

வாப்பாவின் முழம். கொஞ்சம் நீளம்தான். சரி, நாடாவையும் கொண்டுவாருங்கள்.